கயிற்றில் ஐந்து பேர்

நேற்று மாலை கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டியவன் மன்சொக்தான். அதனால் அவனுக்கு நிச்சயமாகத் தெரியும்: ஐந்தாவது வளையத்துக்குப் பின்னால் மிச்சமிருந்த வால் இரண்டு முழம். இன்று காலை பிரித்துப் பார்த்தால் மூன்று முழத்துக்கும் கூடுதலாக இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி முழம் போட்டான். மூன்றேகால். நனைந்த கயிறு நீளும்தான். நாற்பத்தொன்பது வயது ஆள் ஒருவன், ராத்திரி இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் தின்ற குற்றத்துக்காக, நீர்மூழ்கும் ரப்பர் உடைக்குள் நுழைய இரண்டு பேர் உதவி கேட்கும் அளவுக்குப் பெருத்துவிடும்போது, கயிறு ஒரு முழம் நீண்டதைக் குறை சொல்ல அவனுக்கு யோக்கியதை இல்லை. ஆனால் மற்ற வளையங்களுக்கு நடுவே இருந்த இடைவெளிகள் நேற்றைப் போலவே இருந்தன. புரி பிரியாமல் இருக்க வாலின் நுனியை நெருப்பில் உருக்கிய கறுப்புக் குமிழும் நேற்றைப் போலவே இருந்தது.

யாரிடமாவது சொல்லலாம். சொன்னால் ஜோக் என்பார்கள். ஜோக் அடிக்க அவனுக்கு அனுமதி இல்லை.

அனுமதியை ரத்து செய்தவள் அவன் மகள் யூரிம். இரண்டு வருடம் முன்பு மாமனாரின் சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் காரமான மாட்டிறைச்சி சூப்பைக் குடித்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்த மண்டபத்தில், பூமாலைகளுக்கு நடுவே வைத்திருந்த படத்தைப் பார்த்து மன்சொக், “இருபது வருஷத்துல இன்னிக்குத்தான் மொதல் தடவையா என்னைப் பாத்துச் சிரிக்கிறாரு” என்று சொன்னான். பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்டால் போதும் என்றுதான் சொன்னான். மண்டபம் முழுக்கக் கேட்டது. அடுத்த மாதம் மனைவி பூசானில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனாள். மகளும் கூடப் போனாள். அதன் பிறகு மகளிடமிருந்து வந்த முதல் தொலைபேசி அழைப்பு, இந்த நவம்பரில், இதற்காகத்தான். கடல் ஆய்வுப் படிப்பில் அடுத்த பருவத்துக்கு நீர்மூழ்கும் சான்றிதழ் வேண்டும். ஜோடியாக வந்தால்தான் பயிற்சியில் சேர்ப்பார்கள். ஏழு டிகிரி தண்ணீரில் இறங்கத் தோழிகள் யாரும் தயாராக இல்லை.

“ரெண்டு நாள், நாலு முழுக்கு. ஒரு ஜோக் கூட அடிக்கக் கூடாது. தாங்கிட்டீங்கன்னா லீவுக்கு உங்க வீட்டுக்கு வர்றேன். இல்லேன்னா அங்கேயே பஸ் ஏறிடுவேன்.”

அவன் அன்றைக்கே அவளுடைய பழைய அறையிலிருந்து சைக்கிளையும் அட்டைப்பெட்டிகளையும் வெளியே எடுத்தான். மின்சாரப் போர்வை ஒன்று வாங்கினான். நிறம் பிடிக்காமல் போய்விடுமோ என்று மறுநாள் இன்னொன்றும் வாங்கினான்.

பயிற்சி நடந்தது ஜேச்சான் நகரத்துக்கு மேலே, மலைக்குள் இருந்த ஒரு பழைய கல்குவாரியில். கல் வெட்டுவதை நிறுத்தி முப்பது வருடம் ஆகியிருந்தது. மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, ஒரு பக்கம் கூழாங்கல் சரிவு, நடுவில் ஊறி நிறைந்த தண்ணீர். மதியம் வரை பனிமூட்டம் கலையாது. கரையில் ஒரு தகரக் கொட்டகை. அதில் எண்ணெய் அடுப்பு, மீன் வடை கொதிக்கும் அண்டா, ரப்பரும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. சுவரில் பெயர்ப்பலகைகள் தொங்கவிட வரிசையாக ஆணிகள். ஐந்து ஆணிகளில் இவர்களின் பெயர்கள். மற்ற ஆணிகள் காலியாக இருந்தன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கீழே, பலகை வெகுநாள் தொங்கிய இடம் மட்டும் சுவர் வெளிறி நீள்சதுரமாக இருந்தது.

பயிற்சியாளரின் பெயர் குக் தேசிக். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். வேறு இடங்களில் மாணவர்களைச் சும்மா நீந்த விடுவார்களாம். இவர் விடமாட்டார். கலங்கல் தண்ணீரில் கண்ணை நம்பக்கூடாது, கயிற்றைத்தான் நம்ப வேண்டும். ஐந்து வளையம் கட்டிய ஒரே கயிறு. முதல் வளையத்தில் மாஸ்டர். இரண்டில் யோம் என்ற பல் டாக்டர், மூன்றில் அவர் மனைவி மிரான், நான்கில் யூரிம், ஐந்தில் மன்சொக். கடைசி ஆள் கனமாக இருக்க வேண்டும், அப்போதுதான் வரிசை அலையாது என்று மாஸ்டர் முதல் நாளே அவன் வயிற்றைப் பார்த்து முடிவு செய்துவிட்டார்.

அடியில் எண்ணிக்கை எடுப்பதும் கயிற்றால்தான். மாஸ்டர் ஒரு இழுப்பு. டாக்டர் பின்னால் இருப்பவருக்கு இரண்டு. மிரான் மூன்று. யூரிம் நான்கு. மன்சொக் ஐந்து இழுத்துவிட்டு, முன்பக்கமாக நீளமாக ஒரு இழுப்பு. அது கை மாறிக் கை மாறி மாஸ்டரிடம் போகும். அதற்கு அர்த்தம்: முடிந்தது, எல்லோரும் இருக்கிறோம். கரை ஏறியதும் இதையே வாயால் சொல்ல வேண்டும். கட்டாய ராணுவ சேவையில் இரண்டு வருடம் காலை மாலை கத்திய பழக்கம் அந்த நாட்டு ஆண்கள் எல்லோருக்கும் எலும்பில் இருக்கிறது. கடைசி ஆள் தன் எண்ணைச் சொல்லி “முடிஞ்சது” என்று கத்தும்வரை யாரும் வளையத்திலிருந்து கையை எடுக்கக்கூடாது.

நேற்று இரண்டாவது முழுக்கு முடிந்து கரையில் எண்ணியபோதுதான் அது நடந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மன்சொக் “அஞ்சு!” என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். குளிரில் பல் கிடுகிடுத்தது, எல்லோரும் விறைப்பாக நின்றார்கள், வாய் தானாகவே திறந்துகொண்டது. புதிதாகச் சேர்ந்த சிப்பாய் பயத்தில் குரல் உடைந்து கீச்சென்று கத்துவான் இல்லையா, அந்தக் குரலில், “ஆறு!” என்றான்.

மிரான் விழுந்து விழுந்து சிரித்தாள். டாக்டர் சிரித்தார். யூரிமின் மூக்கிலிருந்துகூட ஒரு சத்தம் வந்தது. சிரிப்புத்தான். இரண்டு வருடம் கழித்து. அந்த ஒரு சத்தத்துக்காக இன்னும் பத்துத் தடவை “ஆறு” சொல்லலாம் என்று அவனுக்குத் தோன்றியது. அவள் உடனே முகத்தை இறுக்கிக்கொண்டு, இது ஒன்றை மன்னித்ததாகவும், இன்னொன்று வந்தால் பஸ் என்றும் சொன்னாள்.

மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, உடைகளைக் கழுவும் தொட்டியருகே அவனைத் தனியாகப் பிடித்து, குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

“பியோன் சார், இந்தத் தண்ணியில ஆள் இல்லாத நம்பரைக் கூப்பிடாதீங்க.”

“தப்புதான் மாஸ்டர். வாய் சும்மா இருக்காது.”

“கூப்பிட்டா, அந்த இடம் காலியா இருக்குன்னு சொன்ன மாதிரி ஆயிடும்.”

கடற்படைக்காரர்களுக்கு இப்படி ஏதாவது ஒன்று இருக்கும் என்று மன்சொக் நினைத்துக்கொண்டான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருபது வருடமாக வேலை பார்க்கிறவன். ஒவ்வொரு வாத்தியாருக்கும் ஒரு கிறுக்கு உண்டு என்பது அவனுக்குத் தெரியும். அவனுடைய கிறுக்கு, தூக்கத்தில் “பிரேக், பிரேக்” என்று கத்துவது.

இப்போது கையில் மூன்றேகால் முழ வால்.

மூன்றாவது முழுக்கு எதுவும் நடக்காமல் முடிந்தது. நான்காவது முழுக்குக்கு இறங்கும்போது மணி பதினொன்று. பனி தண்ணீரின் மேல் படுத்திருந்தது. இடுப்புவரை இறங்கியதும் குளிர் கழுத்துப் பட்டைக்குள் ஒரு விரல்போல நுழைந்து முதுகெலும்பு நெடுக மெதுவாகக் கீழே போயிற்று. தலை மூழ்கியதும் உலகத்தின் சத்தமெல்லாம் நின்று, அவனுடைய மூச்சு மட்டும், யாரோ பக்கத்து அறையில் மரம் அறுப்பதுபோல, உள்ளே ஒரு இழுவையும் வெளியே ஒரு குமிழிக் கூட்டமுமாகக் கேட்க ஆரம்பித்தது. மூன்று மீட்டரில் வெளிச்சம் பச்சையாக இருந்தது. ஆறு மீட்டரில் ஆறிப்போன தேநீர் நிறம். பத்து மீட்டரில் குளிர்ந்த அடுக்கு வந்தது. படிப்படியாக வரவில்லை, ஒரு கதவைத் திறந்து உள்ளே காலடி வைத்ததுபோல வந்தது. நெற்றி வலித்தது. பல்லின் வேர் வலித்தது. டார்ச்சின் வெளிச்சம் இரண்டடிக்கு மேல் போகாமல் கலங்கலில் மோதித் திரும்பி வந்தது. அந்த இரண்டடிக்குள் யூரிமின் துடுப்புக் காலணி. அதில் அவன் ஒட்டிக்கொடுத்த மஞ்சள் நாடா. அது தெரிந்தால் போதும் என்று வைத்துக்கொண்டான்.

பன்னிரண்டு மீட்டரில் ஒரு இரும்பு மேடை. ஐந்து பேரும் முட்டி போட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். வண்டல் கிளம்பியது. மஞ்சள் நாடாவும் மறைந்தது.

எண்ணிக்கை. யூரிமின் பக்கத்திலிருந்து நான்கு இழுப்பு வந்தது, சின்னதாக, அவசரமாக, அவளைப் போலவே. அவன் ஐந்து இழுத்தான். முன்பக்கம் நீளமாக ஒன்று கொடுத்தான். முடிந்தது.

பின்னால் வால் இறுகியது.

மேடையின் கம்பியில் மாட்டியிருக்கும் என்று நினைத்தான். மணிக்கட்டை அசைத்தான். மாட்டிய கயிறு வெறுமனே இறுகி நிற்கும். இது அப்படி நிற்கவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு. சீராக, பணிவாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரே இடைவெளி விட்டு. ஆறோடு நின்றது.

அவன் மூச்சும் நின்றது. மூச்சைப் பிடிக்கக்கூடாது என்பதுதான் இந்தப் படிப்பில் முதல் பாடம். பிடித்தான்.

ஒருவேளை மாஸ்டர் சோதிக்கிறாரோ? நேற்றைய ஜோக்குக்குப் பழிவாங்கலோ? அப்படியே இருக்கட்டும், மிக நல்ல ஜோக், கை தட்டுகிறேன், போதும் மாஸ்டர் என்று மனசுக்குள் சொன்னான். மேலே போகலாம் என்று கட்டைவிரலைத் தூக்கலாம். தூக்கினால் முழுக்கு ரத்து. யூரிமுக்குச் சான்றிதழ் கிடையாது. காரணம் கேட்பாள். பின்னால் யாரோ எண்ணினார்கள் என்று, போயும் போயும் அவன், அவளிடம் சொல்ல வேண்டும்.

கட்டைவிரலை மடக்கிக்கொண்டான்.

முகக்கண்ணாடியைக் கழற்றி மாட்டும் பயிற்சி ஒவ்வொருவராக நடந்து அவனிடம் வந்தது. மாஸ்டர் இருட்டிலிருந்து உருவாகி அவன் முன்னால் வந்து, தோளைத் தட்டினார். அவன் கண்ணை மூடிக்கொண்டு கழற்றினான். ஏழு டிகிரித் தண்ணீர் இமைகளின் மேல் உட்கார்ந்தது. விறைத்த விரல்களிலிருந்து கண்ணாடி நழுவியது. துழாவினான். இல்லை. கீழே இல்லை. பக்கத்தில் இல்லை. மறுபடி துழாவக் கையை நீட்டிய நேரத்தில் ஒரு கை அவன் கையைத் தேடிப் பிடித்து, விரித்து, கண்ணாடியை உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டது. பொறுமையான கை. நன்றி மாஸ்டர். மாட்டினான், மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்றினான், கண்ணைத் திறந்தான்.

மாஸ்டர் முன்னால் இருந்தார். ஒரு கை மேடையின் கம்பியில். இன்னொரு கையில் டார்ச். அவர் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடி பின்னாலிருந்துதான் வந்தது.

மாஸ்டர் வேகமாக வரிசையின் முன்பக்கம் போனார். உடனே எண்ணிக்கை வந்தது. நான்கு, அவளுடைய அவசர நான்கு. அவன் ஐந்து. நீளமாக ஒன்று.

பின்னால் ஆறு.

அதற்கும் பின்னால், கயிற்றின் வழியாகப் பாதி தேய்ந்து, ஏழு.

அதற்கும் பின்னால்.

அவன் எண்ணவில்லை. எண்ணாமல் இருக்க முயன்றான். கை எண்ணியது. எட்டு. ஒன்பது. மூன்றேகால் முழத்தில் இத்தனை பேர் எப்படி? கயிறு எங்கே முடிகிறது? யாரும் நீளமாக இழுக்கவில்லை. யாரும் முடிந்தது என்று சொல்லவில்லை. ஒவ்வொரு இழுப்பும் அவனைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தது. அவன் சாய்ந்தால் கயிறு இறுகும். இறுகினால் அடுத்தது யூரிம். அவளுக்குத் தெரியாது. முடிந்தது என்ற இழுப்பு அவளுக்குக் கிடைத்துவிட்டது. அப்பா பின்னால் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கடைசி ஆளின் இடுப்பில் கயிறு வெட்டும் சின்னக் கத்தி இருக்கும். எடுத்தான். வலது கையால் வளையத்தைத் தொட்டு, அதற்குப் பின்னால், அவளுக்கு எதிர்ப்பக்கம் என்று இரண்டு தடவை தடவி உறுதி செய்துகொண்டு, அறுத்தான். ஒரு புரி. இரண்டாவது புரி. மூன்றாவது. இறுக்கம் சட்டென்று விட்டது. பாரம் போய்விட்டது. கை லேசாயிற்று.

காத்திருந்தான். மூச்சு. குமிழி. மூச்சு.

எதுவும் இல்லை.

மேலே, என்று மாஸ்டரின் சைகை வந்தது. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றார்கள். தேநீர் நிறம் பச்சையானது. மஞ்சள் நாடா தெரிந்தது, கால் தெரிந்தது, யூரிம் முழுசாகத் தெரிந்தாள். திரும்பிப் பார்த்து, விரல்களை வட்டமாக்கி, சரியா என்று கேட்டாள். சரி என்றான். கண்ணாடிக்குள் அவன் அழுதுகொண்டிருந்தான். நீர்மூழ்குவதில் இது ஒரு வசதி, யாருக்கும் தெரியாது.

கூழாங்கல் சரிவில் ஐந்து பேரும் முட்டி போட்டு ஏறினார்கள். பனி அப்படியேதான் இருந்தது. பத்தடிக்கு அப்பால் தண்ணீர் இல்லை, வெள்ளைதான். கொட்டகையிலிருந்து மீன் வடையின் வாசனை வந்தது. யூரிம் வாயிலிருந்து குழாயைத் துப்பிவிட்டு, திரும்பாமலே சொன்னாள்.

“பாஸ் பண்ணிட்டீங்க அப்பா. அந்த ரூம்ல குளிருமா?”

“மின்சாரப் போர்வை இருக்கு கண்ணு. ரெண்டு.”

“ரெண்டு எதுக்கு?”

“ஒண்ணு நீலம், ஒண்ணு பழுப்பு.”

அவள் தோள் குலுங்கியது. இது ஜோக் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மாஸ்டரின் குரல் வந்தது, வழக்கத்தைவிடத் தாழ்ந்து.

“ஒண்ணு.”

“ரெண்டு.” டாக்டர்.

“மூணு.” மிரானுக்குப் பல் கிடுகிடுத்தது.

“நாலு.” யூரிம்.

“அஞ்சு” என்றான் மன்சொக். கடைசிச் சொல்லையும் சொல்லிவிட்டு, கையை உருவிக்கொண்டு, அடுப்பருகே போய் உட்கார வேண்டியதுதான். குனிந்து மணிக்கட்டைப் பார்த்தான்.

வளையத்துக்குப் பின்னால் அறுத்த நுனி இல்லை. கயிறு இருந்தது. அவன் கையிலிருந்து இறங்கி, அவன் முட்டியைச் சுற்றி, ஈரக் கூழாங்கற்களின் மேல் வளைந்து வளைந்து, தண்ணீருக்குள் போயிருந்தது.

கடைசிச் சொல் நாக்கில் நின்றது.

“ஆறு!”

பனிக்குள்ளிருந்து. தண்ணீரின் மேலிருந்து. பயந்த சிப்பாயின் கீச்சுக் குரல். அவனுடைய குரல். நேற்று அவன் சொன்னது, ஒரு இழை பிசகாமல்.

மிரான் களுக்கென்று சிரித்தாள். “அண்ணே, திருந்தவே மாட்டீங்களா?”

யூரிம் சிரிக்கவில்லை. அவள் முதுகு மட்டும் அவனுக்குத் தெரிந்தது. அது மெதுவாகக் கூனியது.

“ஒரு வார்த்தைதான் பாக்கி இருந்துச்சு” என்றாள். “ஒரே ஒரு வார்த்தை. அதைக் கூட உங்களால...”

திரும்பினாள். அவன் உதட்டைப் பல்லால் கடித்து மூடியிருந்ததைப் பார்த்தாள். ரத்தம் வந்ததைப் பார்த்தாள்.

“ஏழு.”

இது வேறு குரல். சின்ன வயசுக் குரல், ஒழுங்கான குரல், பெயர் கூப்பிட்டதும் சந்தோஷமாக விறைத்து நிற்கிறவனுடைய குரல். அவள் கண்கள் அவன் வாயிலேயே இருந்தன. வாய் மூடித்தான் இருந்தது.

“எட்டு.” கரைக்கு இன்னும் கிட்டே.

யூரிமின் கயிற்று வளையத்தைப் பிடித்து இழுத்தான். ஈர முடிச்சு கையுறையோடு சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. கத்தியைத் தேடினான். இடுப்பில் உறை மட்டும் இருந்தது. மாஸ்டர் திரும்பவே இல்லை. வரிசையின் தலையில் முட்டி போட்டிருந்தார்; அவர் உதடுகள் மட்டும் எண்களைக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தன.

“முடிஞ்சது!” என்று மன்சொக் கத்தினான். “முடிஞ்சது!”

“ஒன்பது.”

அது கடைசி ஆள் சொல்ல வேண்டிய சொல். அவன் இப்போது கடைசி ஆள் இல்லை.

தண்ணீரின் ஓரத்தில் கயிறு கூழாங்கற்களை விட்டு எழுந்தது. முதலில் ஒரு சாண். பிறகு ஒரு முழம். வளைவுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீரை உதிர்த்துக்கொண்டு, வெள்ளைக்குள் நேராக நீண்டு நின்றது.

அவன் மகளுக்கு முன்னால், தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தான். இரண்டு குதிகாலையும் கற்களுக்குள் அழுத்தி ஊன்றினான். கடைசி ஆள் கனமாக இருக்க வேண்டும். தன் வாழ்நாளில் தின்றதையெல்லாம் நம்பி உட்கார்ந்தான்.

“பத்து.”

“அப்பா” என்றாள் யூரிம் முதுகுக்குப் பின்னால், மிகச் சின்னக் குரலில்.

குதிகாலுக்குக் கீழே கற்கள் நகர ஆரம்பித்தன.